பார்வை குறைந்தவர், எழுத வாசிக்கத் தெரியாதவர்: தபால் வாக்கில் வீட்டார் எவ்வளவு உதவலாம்?

பெறாமகன் (கேள்வி)

இரண்டு பேரைப் பற்றிய கேள்வி. இரண்டும் வேறு வேறு நாட்டு வாக்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலாவது பெரியம்மா. வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறா. அமெரிக்கக் குடியுரிமை. கடைசியாக இருந்தது கலிபோர்னியா, அந்த வீட்டை விற்றாச்சு. விழித்திரைக் கோளாறு, தடித்த பெரிய எழுத்து மட்டும் தெரியும். ஒப்பம் முன்னைப்போல வராது, கோணிப்போகுது. 2026 நவம்பர் 3 தேர்தலுக்குத் தபாலில் வாக்குப் போட வேண்டும் என்று நிற்கிறா. எனக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லை. நான் வாசித்துக் காட்டி, அவ சொல்வதைக் குறிக்கலாமா? பகலில் அவவைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண் உதவலாமா? அவவின் அற்றோர்னித் தத்துவம் (அவ சார்பில் ஒப்பமிட அதிகாரம் தரும் பத்திரம்) என் பெயரில் இருக்கு, அதை வைத்து நானே ஒப்பமிட்டால் செல்லுமா?

இரண்டாவது மாமி. கொட்டாஞ்சேனை, இலங்கை வாக்காளர். எழுத வாசிக்கத் தெரியாது, வலது கை நடுக்கம், மூன்றாம் மாடியில் இருந்து இறங்குவது பெரும்பாடு. "இயலாதவர்களுக்குத் தபால் வாக்கு இருக்கு, விண்ணப்பித்தால் வீட்டுக்கே வரும்" என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

---

புள்ளடி

மாமியின் விஷயத்தை முதலில் முடிப்போம். வீட்டுக்கு வராது. இலங்கையில் தபால் மூல வாக்கு என்பது கடமை காரணமாக வாக்கெடுப்பு நிலையத்துக்குப் போக முடியாத அரச ஊழியர், முப்படை, பொலிஸ் போன்றவர்களுக்கானது. அவர்களுக்கும்கூட வாக்குச்சீட்டு வீட்டு வாசலுக்கு வருவதில்லை. குறித்த நாட்களில் தங்கள் அலுவலகத்தில், அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னிலையில்தான் அடையாளமிட வேண்டும். நோய், முதுமை, இயலாமை எதற்கும் தபால் வாக்கு கிடையாது. "தபால்" என்ற சொல்லைக் கேட்டதும் கடிதம்போல வரும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதுதான் இந்தக் கதையின் மூலம்.

மாமிக்கு உரியது வேறு வழி: 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டம். முழுமையாகவோ பகுதியாகவோ பார்வை இல்லாதவரும், உடல் இயலாமை உள்ளவரும் தாமே தெரிவு செய்த ஒரு உதவியாளரைக் கூட்டிக்கொண்டு வாக்கெடுப்பு நிலையத்துக்குள் போகலாம். உதவியாளர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். வேட்பாளராகவோ, கட்சியின் அல்லது வேட்பாளரின் முகவராகவோ இருக்கக் கூடாது. பேரன் கட்சிக்காக நிலையத்தில் முகவராக உட்காரப் போகிறார் என்றால் அவரை விட்டுவிட்டு வேறொருவரைப் பாருங்கள்.

இதற்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். படிவம் கிராம உத்தியோகத்தரிடமும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலும் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் கிடைக்கும். அதை முதலில் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும், பிறகு அரச வைத்திய அதிகாரி. இந்த வரிசையை மாற்றிப்போட்டு வைத்தியசாலையில் வரிசையில் நின்றுவிட்டு வெறும் கையோடு திரும்புகிறவர்கள் உண்டு. கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் கதிரையில் இருப்பதில்லை, முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். வைத்தியரிடம் போகும்போது பழைய கிளினிக் கொப்பியையும் கொண்டுபோனால் நடுக்கம் எப்போதிருந்து என்ற கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.

வாக்கெடுப்பன்று அந்தச் சான்றிதழைச் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். போன தேர்தலில் எடுத்த பிரதியைக் காட்டி வாதாடாமல் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. இருவரும் அடையாள அட்டையோடு போங்கள். மாமியிடம் தேசிய அடையாள அட்டை இல்லாவிட்டால் முதியோர் அடையாள அட்டையும் ஏற்கப்படும். வாக்காளர் அட்டை கையில் இல்லை என்பதற்காக யாரும் திருப்பி அனுப்ப முடியாது, இடாப்பில் பெயர் இருந்தால் போதும்.

இதில் ஒரு நுணுக்கம். எழுத வாசிக்கத் தெரியாது என்பது மட்டும் இந்தச் சான்றிதழுக்குக் காரணமாகாது. மாமிக்குக் கை நடுக்கம் இருப்பதால்தான் வழி திறக்கிறது. படிவத்தில் அதை எழுத வையுங்கள். "வாசிக்கத் தெரியாது" என்று எழுதிக்கொண்டு போனால் வைத்தியர் எதற்கு ஒப்பமிடுவார்?

சான்றிதழ் எடுக்க முடியாமல் போனால் பழைய வழி இருக்கிறது. பார்வையின்மையால் அல்லது உடல் காரணத்தால் தானே அடையாளமிட முடியாதவர் கேட்டால், சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரே இன்னொரு அலுவலர் முன்னிலையில், அவர் சொல்கிறபடி அடையாளமிட்டுப் பெட்டியில் போடுவார். செல்லும், சட்டபூர்வமானது. ஆனால் முன்பின் தெரியாத இரண்டு பேர் காதில் மாமி தன் தெரிவைச் சொல்ல வேண்டும். அதோடு, சின்ன வகுப்பறையில் முகவர்கள் நாலடி தூரத்தில் இருப்பார்கள், காது மந்தமானவருக்கு அலுவலர் உரக்கக் கேட்டால் இரகசியம் அங்கேயே போச்சு. அதனால் சான்றிதழ் வழிதான் நல்லது என்பேன்.

---

பெறாமகன்

நன்றி. படியிறங்கிய பிறகு வாகனம்? தேர்தலன்று வாக்காளரை ஏற்றிச் சென்றால் குற்றம் என்கிறார்களே.

---

புள்ளடி

குற்றம் என்பது கட்சியோ வேட்பாளரோ வாகனம் பிடித்து வாக்காளர்களை ஏற்றி இறக்குவது. சொந்த வீட்டாரைச் சொந்த வாகனத்தில் கூட்டிப் போவது அதில் சேராது. நடக்க முடியாதவருக்கு விசேட போக்குவரத்து ஒழுங்கு வேண்டுமானால் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். கடைசித் திகதி அந்தந்தத் தேர்தல் அறிவித்தலில் வரும், தாண்டினால் கேட்டுப் பயனில்லை. வாகனத்தில் கட்சிச் சின்னம், ஸ்டிக்கர், கொடி எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் முச்சக்கரவண்டியில் பின்பக்கம் பழைய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துச் சுரண்டிவிடுங்கள்.

வீட்டில் பழக்க வேண்டியது இன்னொன்று. தேர்தலுக்குத் தேர்தல் அடையாளமிடும் முறை மாறும், வாசிக்கத் தெரியாதவர் தடுமாறுவது அதில்தான். உள்ளூராட்சித் தேர்தலில் (கடைசியாக 2025 மே 6) கட்சி அல்லது சுயேச்சைக் குழுவுக்கு ஒரேயொரு புள்ளடி (x குறி), அதோடு முடிந்தது. பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே புள்ளடி, பிறகு கீழே இலக்கங்கள் உள்ள கட்டங்களில் அந்தக் கட்சிப் பட்டியலில் விரும்பும் வேட்பாளர்களுக்கு அதிகபட்சம் மூன்று விருப்பு வாக்குகள். அங்கே வேட்பாளர் பெயர் இராது, வெறும் இலக்கம் மட்டும். 2024இல் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனம், ஆகவே மூன்று கூட்டி ஒரு பட்டியலில் 21 பேர், 1 முதல் 21 வரை கட்டம். எண்ணும் தெரியாதவருக்கு "12" என்பதை உருவமாகவே பழக்க வேண்டும். கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கத்தில் மட்டும் இட்டால் அந்த விருப்பு வாக்கு வீண். ஜனாதிபதித் தேர்தலில் பெயரும் சின்னமும் இருக்கும், ஒருவருக்கு மட்டும் என்றால் புள்ளடியோ 1 என்ற இலக்கமோ போதும், விரும்பினால் 2, 3. ஆனால் 2024இல் ஏறக்குறைய 40 பெயர் கொண்ட நீண்ட தாள் வந்தது. நடுங்கும் கையோடு அதை மடிப்பதே தனி வேலை.

---

உறை எண் இரண்டு

பெரியம்மாவுக்கு வருகிறேன்.

உதவி பற்றிய மூல விதி அமெரிக்க வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு. 1982இல் திருத்தத்தோடு வந்தது. பார்வையின்மை, இயலாமை, எழுத வாசிக்கத் தெரியாமை ஆகியவற்றால் உதவி தேவைப்படும் வாக்காளர் தான் விரும்பும் ஒருவரின் உதவியைப் பெறலாம். விலக்கு இரண்டே பேருக்கு: வாக்காளரின் முதலாளி அல்லது அந்த முதலாளியின் முகவர், வாக்காளரின் தொழிற்சங்கத்தின் அலுவலர் அல்லது முகவர். அந்தப் பிரிவில் குடியுரிமை பற்றி ஒரு சொல் இல்லை. ஆகவே நீங்கள் உதவலாம். இங்கே எழுத்தறியாமை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள், மாமியின் கதைக்கு நேர் எதிர்.

அற்றோர்னித் தத்துவம் செல்லாது. கலிபோர்னியா இதை வாக்காளருக்கான அறிவுறுத்தலிலேயே சொல்கிறது. சீட்டைத் திருப்பி அனுப்பும் உறையில் பெரியம்மாவின் பெயரை நீங்கள் எழுதி ஒப்பமிட்டால் அந்த வாக்கு நிராகரிக்கப்படும், உங்களுக்கும் அது வம்பு. ஒப்பமிடவே முடியாவிட்டால் அவ தன் கையால் ஒரு குறி இட வேண்டும், அதைப் பார்த்த ஒரு சாட்சி பக்கத்தில் தன் ஒப்பத்தை இட வேண்டும். சாட்சியாக நீங்கள் நிற்கலாம்.

ஆனால் கோணல் ஒப்பம் என்றால் குறிக்குப் போக வேண்டியதில்லை. கவுண்டித் (மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் அலுவலகம் உறையில் இருக்கும் ஒப்பத்தைத் தன் கோப்பில் உள்ள ஒப்பங்களோடு ஒப்பிடும். பத்து வருடத்துக்கு முந்தைய நேர்த்தியான ஒப்பம் மட்டும் அங்கே இருந்தால் இடிக்கும். வெளிநாட்டு வாக்காளர் அனுப்பும் ஃபெடரல் போஸ்ட் கார்ட் விண்ணப்பம் பதிவு விண்ணப்பமாகவும் கொள்ளப்படுவதால், இந்த வருட விண்ணப்பத்தில் இப்போதைய கோணல் ஒப்பத்தையே இட வையுங்கள். அப்போது கோப்பில் புதிய மாதிரி சேரும். விண்ணப்பத்தில் அழகாக எழுத வைத்துவிட்டு உறையில் களைப்போடு கிறுக்க விட்டால் பலன் தலைகீழ். பொருந்தவில்லை என்றால் கவுண்டி அறிவித்துச் சரிசெய்ய வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவித்தல் தபாலில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும், அதனால் மின்னஞ்சல் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள்.

ஒப்பமிடும் இடத்தைக் காட்ட ஒரு மட்டைச் சட்டகம் செய்துகொள்ளலாம். கறுப்புத் தடித்த மட்டையில் 8 சென்ரிமீற்றர் நீளம், ஒன்றரை சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு துளை வெட்டி, ஒப்பக் கோட்டின் மேல் வையுங்கள். வெள்ளைத் தாளுக்கும் கறுப்பு மட்டைக்கும் உள்ள வேறுபாடு மங்கிய கண்ணுக்கும் தெரியும், விரலுக்கும் விளிம்பு தட்டும். மேல் விளிம்பு உயரமான எழுத்தை வெட்டுகிறதா என்று வேறு தாளில் இரண்டு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் அடிக்கடி பிழைக்கும் இடம் முகவரி. வாக்களிப்பு முகவரி என்று கேட்பது அமெரிக்காவில் கடைசியாக வசித்த வீடு. விற்றிருந்தாலும், வேறு யாரோ அங்கே இருந்தாலும் அதுவேதான். வெள்ளவத்தை முகவரி தொடர்பு முகவரிக்கான கட்டத்தில். திரும்பிப் போகும் எண்ணம் பற்றிய கட்டத்தில் உள்ளதை உள்ளபடி குறியுங்கள். திரும்புவது நிச்சயமில்லை என்றால் சில மாநிலங்கள் மத்திய பதவிகளுக்கு மட்டுமான சீட்டை அனுப்பும். விண்ணப்பம் அந்தந்த ஆண்டுக்கு உரியது என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாக அனுப்புங்கள்.

சீட்டை எப்படிப் பெறுவது என்ற இடத்தில் மின்னஞ்சல் அல்லது இணையத்தைத் தெரிவு செய்யுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேர்தலுக்கு 45 நாள் முன்னதாகச் சீட்டு அனுப்பப்பட வேண்டும், இந்த முறை அது செப்டெம்பர் 19. தபாலில் கேட்டால் அந்த 45 நாளில் பாதி வழியிலேயே கரையும்.

கலிபோர்னியாவில் இன்னொரு வசதி. ஆர்.ஏ.வி.பி.எம் எனப்படும் தொலைநிலை அணுகல் தபால் வாக்கு முறை. கவுண்டி அனுப்பும் இணைப்பில் சீட்டு திரையில் திறக்கும், எழுத்தைப் பெரிதாக்கலாம், என்விடிஏ போன்ற திரை வாசிப்பானால் கேட்டுக்கொண்டே தெரிவு செய்யலாம். வாக்கு இணையத்தில் போய்ச் சேராது. தெரிவு செய்து முடித்து அச்சிட்டு, ஒப்பமிட்டு, தாளாகத்தான் அனுப்ப வேண்டும். பெரியம்மா தானே குறிப்பதென்றால் இதுதான் சிறந்த வழி. உங்கள் உதவி அச்சிடுவதோடு நின்றுவிடும்.

---

கொள்ளுப்பிட்டிச் சந்தி

பராமரிக்க வருகிற பெண்ணைச் சேர்க்காதீர்கள். வேலை உறவு இருந்தால் 208ஆம் பிரிவு தடுக்கிறது.

---

உறை எண் இரண்டு

தலைகீழாக வாசிக்கிறீர்கள். தடை வாக்காளரின் முதலாளிக்கு. இங்கே முதலாளி பெரியம்மா, அந்தப் பெண் ஊழியர். சட்டம் பயப்படுவது சம்பளம் கொடுப்பவர் வாக்கை வளைப்பதற்கு. அந்தப் பெண் உதவலாம். ஆனால் ஒரு சீட்டுக்கு ஒருவரே உதவுவது பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல எளிது.

வாசித்துக் காட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பதவிக்கு உரிய எல்லாப் பெயர்களையும் சீட்டில் உள்ள வரிசையில், ஒரே குரலில் வாசியுங்கள். "இவர் நல்லவராம்" என்பது உதவியல்ல. அவ ஒரு பதவியை விட்டுவிடச் சொன்னால் விட்டுவிடுங்கள், வெறுமையாக விட்ட கட்டம் மற்ற வாக்குகளைக் கெடுக்காது. கலிபோர்னியாச் சீட்டில் மாநில முன்மொழிவுகள் நீளமாக வரும், அவற்றை வேறு ஒரு நாளுக்கு ஒதுக்குங்கள். முடிவில் குறித்தவற்றைத் திரும்ப வாசித்து "சரி" கேளுங்கள். அச்சிடும் முன் மட்டும் இல்லை, அச்சிட்ட தாளையும். தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது, வீட்டுச் சாப்பாட்டு மேசை உட்பட.

---

வீதி முனைப் பெட்டி

அனுப்புகிற பக்கத்தைப் பற்றி யாரும் சொல்லேல்லை.

தாள்: கொழும்பில் எல்லா அச்சுப்பொறியிலும் ஏ4. அமெரிக்கக் கோப்பு லெட்டர் அளவில் வரும். லெட்டர் 216 மில்லிமீற்றர் அகலம், ஏ4 210தான். "உண்மை அளவு" என்று அச்சிட்டால் ஓரத்தில் இருக்கிற குறிகள் வெட்டுப்படலாம், ஆகவே "பக்கத்துக்குப் பொருத்து" என்று போடுங்கோ. சற்றுச் சிறுத்தாலும் பரவாயில்லை. இப்படி வருகிற சீட்டை அங்கே ஊழியர்கள் இயந்திரம் வாசிக்கக்கூடிய தாளில் படியெடுத்துத்தான் எண்ணுவார்கள். ஆகவே பெரியம்மாவின் குறி தெளிவாக இருக்கிறதுதான் முக்கியம், தாளின் அளவு இல்லை. உறுதிமொழித் தாளை உறைக்கு உள்ளேயா வெளியேயா வைக்கிறது என்று கவுண்டியின் அறிவுறுத்தலைப் பார்த்துச் செய்யுங்கோ, ஊகிக்க வேண்டாம். ஒப்பமில்லாத உறைதான் கூடுதலாக விழுகிற பிழை.

அனுப்புகிற வழி மூன்று. காலி வீதியில் இருக்கிற அமெரிக்கத் தூதரகத்தில் ஒப்படைச்சால் இராஜதந்திரப் பொதியில் போகும், ஆனால் கிழமைக்கணக்கு எடுக்கும். அமெரிக்கத் தபாற்கட்டணம் செலுத்தின உறை வேணும். அதற்கான அச்சு மாதிரி எஃப்.வி.ஏ.பி (வெளிநாட்டு வாக்காளருக்கு உதவுகிற அமெரிக்க அரச திட்டம்) தளத்திலேயே இருக்கு. அதே உறையை வெள்ளவத்தைத் தபாற்கந்தோரில் போட்டால் அந்தக் கட்டணச் சலுகை செல்லாது, இலங்கை முத்திரை ஒட்ட வேணும். மூன்றாவது கொரியர்: கொஞ்ச நாளில் சேரும், காசு கூட. பலர் தடுக்கி விழுகிற இடம் முகவரி, கொரியர்காரர் தபாற்பெட்டி இலக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டினம். கவுண்டி அலுவலகத்தின் தெரு முகவரியை எடுத்து எழுதுங்கோ.

கலிபோர்னியா வெளிநாட்டு வாக்காளருக்குத் தொலைநகலையும் ஏற்குது. அதற்கு இரகசியத்தை விட்டுக்கொடுக்கிறன் என்று ஒரு உறுதிமொழியில் தனியாக ஒப்பமிட வேணும். மின்னஞ்சலில் குறிச்ச சீட்டை அனுப்ப ஏலாது. கொமியூனிகேஷன் கடையில் தொலைநகல் அனுப்பினால் தாள் கடைப்பெடியன் கையால் ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குள் போகும், அவன் வாசிப்பான், தட்டில் விட்டிட்டு வந்தால் அடுத்த வாடிக்கையாளரும் வாசிப்பார். கடைசி மூன்று நாளில் வேறு வழி இல்லாவிட்டால் மட்டும் செய்யுங்கோ, மூலத்தாளைக் கையோடு எடுத்து வாங்கோ.

2024இல் தேர்தல் நாளில் முத்திரை குத்தப்பட்டு 7 நாளுக்குள் வந்ததையும் கலிபோர்னியா எண்ணினது. இந்த முறை அந்த 7 நாளைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நவம்பர் 3க்கு முதலே கவுண்டியின் கையில் கிடைக்கிற மாதிரித் திட்டமிடுங்கோ.

---

பெறாமகன்

இரண்டு சின்னக் கேள்வி. பெரியம்மாவுக்குச் சில நாளில் மறதி, என்னைத் தம்பி பெயரால் கூப்பிடுவா. அப்போ வாக்களிக்கும் தகுதி போய்விடுமா? மற்றது, டெக்சாஸில் இருந்து வந்த இன்னொரு உறவினரும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், இதே முறை அவருக்கும் சரியா?

---

உறை எண் இரண்டு

மறதி தகுதியைப் பறிக்காது. கலிபோர்னியாவில் நீதிமன்றம் தீர்ப்பளித்தால்தான் உரிமை போகும். அங்கேயும் அளவுகோல் ஒன்றே: உதவியோடாவது வாக்களிக்கும் விருப்பத்தைத் தெரிவிக்க முடிகிறதா இல்லையா. பெயர்களை மாற்றிச் சொல்கிறவர் தன் வேட்பாளரைத் தெளிவாகச் சொல்லக்கூடும். காலையில் தெளிவாக இருப்பா என்றால் காலையில் செய்யுங்கள். அன்று அவ சொல்லாததை "போன முறை இப்படித்தான் போட்டா" என்று நீங்கள் நிரப்பக் கூடாது.

டெக்சாஸ் வேறு கதை. 208ஆம் பிரிவு அங்கேயும் பொருந்தும், ஆனால் மாநிலம் அதன் மேல் எழுத்து வேலை வைத்திருக்கிறது. உதவியாளர் திருப்பியனுப்பும் உறையில் தன் பெயர், முகவரி, ஒப்பம் இட வேண்டும். 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வாக்காளருக்குத் தான் என்ன உறவு என்பதும், சத்தியப் பிரமாணமும் சேர்ந்தன. அந்தச் சட்டத்தின் சில பகுதிகள் நீதிமன்றம் போய் வந்துகொண்டிருக்கின்றன, ஆகவே சீட்டோடு வரும் அந்த ஆண்டு உறையில் அச்சிட்டிருப்பதையே பின்பற்றுங்கள், பழைய படத்தைப் பார்த்து நிரப்ப வேண்டாம். வெறும் தபாலில் போடும் உதவிக்கும் அங்கே விவரம் எழுத வேண்டியிருக்கும். விஸ்கொன்சினில் 2022இல் மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றுக்குப் பிறகு, இயலாதவரின் உறையை வேறொருவர் தபாலில் போடலாமா என்பதே சிக்கலாகி, அதே ஆண்டு மத்திய நீதிமன்றம் 208ஆம் பிரிவின்படி போடலாம் என்று சொல்ல வேண்டி வந்தது. மாநிலம் மாறினால் முதலிலிருந்து வாசியுங்கள்.

---

வீதி முனைப் பெட்டி

ஒக்டோபர் நடுப்பகுதி வரை சீட்டு வராட்டி ஃபெடரல் ரைற்-இன் சீட்டு என்று ஒன்று இருக்கு, எஃப்.வி.ஏ.பி தளத்தில் அச்சிட்டு வேட்பாளர் பெயரை எழுதி அனுப்பலாம். பிறகு உண்மைச் சீட்டு வந்தால் அதையும் அனுப்புங்கோ, இரண்டில் ஒன்றைத்தான் எண்ணுவார்கள், இரட்டை வாக்கு ஆகாது. பெரியம்மாவால் எழுத ஏலாட்டி அவ சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம், பெயரின் எழுத்துக்கூட்டலை முதலே ஒரு துண்டில் எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ.

---

புள்ளடி

மாமியின் படிவத்தில் ஒன்று விட்டுப்போச்சு. உதவியாளராக யார் வருவது என்பதை மாமிதான் தெரிவு செய்ய வேண்டும், வீட்டுக் கூட்டம் அல்ல. முடிவான பிறகு அந்த ஆளின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் அட்டையைப் பார்த்தே எழுதுங்கள். பழைய இலக்கத்தில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில் 12 இலக்கம். வீட்டில் ஒருவரிடம் பழையது, மற்றவரிடம் புதியது இருந்தால் மாறி எழுதிவிடுவது வழக்கம்.